மான் தின்ற சீட்டு

அரூர் கச்சேரிமேட்டில் மோட்டாரும் குழாயும் விற்கிற தமிழ்மணிக்கும் அவர் மனைவி கோகிலவாணிக்கும் நேர்ப்பேச்சு நின்று நாலு வருஷமாகிறது. அதைச் சண்டை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சண்டை போடுவதென்றால் வாயைத் திறக்க வேண்டும். இவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். மொரப்பூரை ஒட்டிய ஊரிலிருந்து ஒரே வண்டியில் கடைக்கு வந்தார்கள். அவள் ஆக்கியதை அவர் சாப்பிட்டார், அவர் வாங்கி வந்த பூவை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் சுற்று வழியில் போய் வந்தது.

சுற்று வழி என்றால் பெரும்பாலும் தெரசா. கடையில் பில் போடுகிற பெண். வேலைக்குச் சேர்ந்தபோது இப்படி ஒரு வேலையும் கூடவே வரும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"தெரசா, உங்க முதலாளிய சாப்பிட வரச் சொல்லு. கொழம்பு ஆறிப் போவுது" என்பாள் கோகிலவாணி.

முதலாளி கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

"தெரசா, எனக்கு இன்னும் பசிக்கலன்னு சொல்லிரு."

தெரசா இரண்டையும் திருப்பிச் சொல்வதுகூடக் கிடையாது. நடுவில் வேறொரு பெயர் விழுந்துவிட்டால் போதும், அது நேர்ப்பேச்சில் சேராது. கோபித்துக்கொண்ட மாமியார் மருமகளும் பங்காளிகளும் எங்கள் பக்கத்தில் வழிவழியாகக் கையாள்கிற முறைதான் இது. மற்றவர்கள் ஒரு பொங்கலுக்குள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். இவர்களுக்கு அலுக்கவில்லை. தெரசா இல்லாத வீட்டில் கன்றுக்குட்டியிடம் சொன்னார்கள். கன்றை விற்ற பிறகு டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் சொன்னார்கள். தமிழ்மணி ஒரு நாள் கேஸ் சிலிண்டரைப் பார்த்து, "ரசத்துல இன்னிக்கி மொளகு தூக்கல்" என்று சொன்னதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், மந்திரிக்கிற ஆளைக் கூட்டி வரட்டுமா என்று அக்கறையோடு விசாரித்தார்.

இத்தனைக்கும் காரணம் ஓர் ஓட்டு. ஊராட்சித் தேர்தலில் அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கோகிலவாணி நின்றாள். கடையில் உட்கார்ந்தபடியே ஊரில் எந்தக் கிணறு வற்றியது, எந்த போர்வெல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டது என்று அறிந்து வைத்திருப்பவள். தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தலைவரை நடுரோட்டில் நிறுத்திக் கேட்டவள். எதிரே நின்றது குள்ளம்மாள். நல்ல மனுஷி. வீடுவீடாகப் போகாமல் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். எண்ணி முடித்தபோது மோர்தான் ஜெயித்தது, அதுவும் ஒரே ஓட்டில். தமிழ்மணி அன்றைக்கு ஓட்டே போடவில்லை. விடிந்ததும் மோட்டார் எடுக்கச் சேலம் போனவர், ஓட்டுச்சாவடியைப் பூட்டிய பிறகு வந்து சேர்ந்தார். அவர் போட்டிருந்தால் சமமாகியிருக்கும், சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பார்கள். குலுக்கலில் தோற்றிருந்தால் சாமி விட்ட வழி என்று கோகிலவாணி துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள்.

"தொப்பூர்ல லாரி கவுந்து ரோடு அடைச்சிருச்சு" என்றார் தமிழ்மணி.

தருமபுரி மாவட்டத்தில் தாமதமாக வந்த யாரும் இதைச் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது. தொப்பூர் கணவாயில் ஏதாவது ஒரு லாரி எப்போதும் மல்லாந்து கிடக்கும். ஆனால் சேலத்திலிருந்து அரூருக்கு வருகிற பஸ் மஞ்சவாடி வழியாக வரும். தொப்பூர் வேறு திசை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், அவசரத்தில் கைக்குக் கிடைத்த லாரியைக் கவிழ்த்துவிட்டார்.

தோற்றது கோகிலவாணிக்குப் பெரிதில்லை. மறைத்ததுதான் எரிந்தது. ஏன் வரவில்லை என்று அவராகவே, அவள் முகத்தைப் பார்த்து, உள்ளதைச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை பேச்சில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவளாக வந்து நேரில் கேட்டால் சொல்லிவிடலாம் என்று தமிழ்மணி காத்திருந்தார். அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கட்டின புருஷனுக்கே தான் வேண்டாதவளாகிப் போனோமோ என்ற சந்தேகம் சமயத்தில் அவளுக்கு வரும். அதைத் தெரசாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

நன்றாக விற்கிற கடைக்காரர்களை மோட்டார் கம்பெனி வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுலா கூட்டிக்கொண்டு போகும். இந்த முறை கப்பல். சென்னையில் ஏறி, இலங்கையில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. ஜோடியாகத்தான் வர வேண்டும், ஒருவர் வராவிட்டால் இரண்டு இடமும் போய்விடும் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"தெரசா, உங்க முதலாளிக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லச் சொல்லு. நான் கடலப் பாத்ததே மெரினாவுல முட்டி வரைக்கும்தான்."

"தெரசா, நான் வரலன்னு யாரு சொன்னா."

தெரசா கல்லாவுக்கு மேலே தான் மாட்டி வைத்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, இருவர் பெயரையும் அனுப்பி வைத்தாள். கிளம்புகிற அன்று மொரப்பூர் ஸ்டேஷனுக்கே வந்து ரயிலேற்றிவிட்டாள். ரயில் நகர்கிற நேரத்தில், "ஆமா, நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் யாருகிட்ட சொல்லுவீங்க" என்று கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இது இருவருக்குமே தோன்றாமல் போன விஷயம்.

கப்பலில் ஆளுக்குப் பஞ்சமில்லை என்பது ஏறியதும் தெரிந்தது. பாலக்கோட்டில் கடை வைத்திருக்கும் கலைவாணன் பக்கத்து அறையில் இருந்தார். முதல் நாள் சாயங்காலம் முழுக்க அவரை வைத்தே ஓட்டினார்கள். "கலைவாணன், அந்தம்மாகிட்ட ஸ்வெட்டர் எங்கன்னு கேளுங்க." "கலைவாணன், பெட்டியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க." மறுநாள் காலையில் இவர்களைக் கண்டதும் கலைவாணன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சாப்பாட்டு அறையில் பரிமாறிய பையனுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. என்ன சொன்னாலும் தலையை ஆட்டிச் சிரித்தான். தெரசாவைவிட அவன் எவ்வளவோ தேவலாம் என்று கோகிலவாணி நினைத்தாள்.

திருகோணமலையில் கப்பல் நின்றது. இறங்குகிறவர்களின் பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, படம் ஒட்டிய ஒரு காகிதச் சீட்டுக் கொடுத்தார்கள். இது இல்லாமல் திரும்பக் கப்பலுக்குள் விட மாட்டார்கள், பத்திரம் என்று கம்பெனி மேலாளர் மைக்கில் கத்தினார். தமிழ்மணி இரண்டு சீட்டையும் தன் தோள்பையின் வெளிப்பக்கத்து உறையில் செருகிக்கொண்டார். ஊரைச் சுற்றிக் காட்டத் துறைமுக வாசலில் பஸ் நின்றது.

கோகிலவாணி கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது எல்லோரும் ஏறியிருந்தார்கள். தமிழ்மணி மட்டும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கப்பலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. 'ஏங்க, பஸ்சு' என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்துபோகிற காரியம். சுற்றிப் பார்த்தாள். நடுவில் வைத்துப் பேச ஒரு காக்காய்கூட இல்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நின்று செருமினாள். தமிழ்மணி செருமலைக் கேட்டார். அவசரமென்றால் ஏறியிருப்பாளே, நிற்கிறாள் என்றால் நேரமிருக்கிறது என்று இன்னும் இரண்டு படம் எடுத்தார். பஸ்ஸுக்குள் மேலாளர் ஆட்களைச் சரிபார்த்தபோது, "தமிழ்மணி வந்தாச்சுங்களா" என்று கேட்டார். "ரெண்டு பேரும் பின்னாடி ஒக்காந்திருக்காங்க, வுடச் சொல்லுங்க" என்றார் கலைவாணன். ஒரு நாளாவது நிம்மதியாக ஊர் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருக்காதா.

பஸ் போய்விட்டது. கப்பல் சாயங்காலம் கிளம்பும், அதற்குள் திரும்பினால் போதும். தெரியாத ஊரின் துறைமுக வாசலில், நாலு வருஷத்தில் முதல் முறையாக, நடுவில் வைத்துப் பேச எதுவும் இல்லாமல் இருவரும் தனியாக நின்றார்கள்.

கோகிலவாணி நடக்க ஆரம்பித்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் முதலில் நடக்கிறவள் சொல்வதுதான் வழி என்று சட்டென்று பிடிபட்டது. தமிழ்மணி நாலடி பின்னால் வந்தார். ஒரு திருப்பத்தில் அவருக்கு வலது பக்கம் போக ஆசை, அங்கேயே நின்றுகொண்டார். அவள் இடது பக்கம் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டாள். போகிற வருகிறவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் வெயில் தமிழ்மணி மண்டையில் இறங்கியது, அவரே வந்து சேர்ந்துகொண்டார். கோகிலவாணிக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஊர் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. எந்தத் தெருவில் போனாலும் கோடியில் கடல் தெரிந்தது. கடைப் பலகையில் ஜிலேபி மாதிரி ஓர் எழுத்து, கீழே நம் எழுத்து. 'வெதுப்பகம்' என்று போட்டிருந்த இடத்தில் எட்டிப் பார்த்தால் ரொட்டிக் கடை. இதைச் சொல்லிச் சிரிக்கக் கூடப் பக்கத்தில் ஆள் இருந்தும் இல்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தமிழ்மணியும் அதே பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரிய கோயில் ஒரு பக்கம், கடற்கரை ஒரு பக்கம் என்று வழி பிரிந்தது. உலகமெங்கும் இருந்து வருகிறவர்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போவார்கள். இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எதிர்த்திசையில் இருந்த ஒரு தண்ணீர் மோட்டார்க் கடைக்குள் நுழைந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கால்கள் தாமாகப் போயின.

கடைக்காரர் வயதானவர். இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அங்கேயும் மோட்டார் வியாபாரம் என்று தெரிந்ததும் இரண்டு முக்காலியைப் போட்டு, பால் ஊற்றாத தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். கோகிலவாணி ஒரு சின்ன மோட்டாரைத் தூக்கிப் பார்த்துக் கையால் எடை போட்டாள்.

"அண்ணா, இவருகிட்ட சொல்லுங்க, இதுல செம்புக் கம்பி கம்மியா இருக்குது. நம்ம ஊரு கரண்டுக்கு ஒரு மாசம் தாங்காது."

"ஐயா, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, இங்க கெணறு ஆழமில்ல. இது போதும்."

"அண்ணா, ஆழம் வேற, கரண்டு வேற. இது தெரியாமத்தான் மொரப்பூருல ரெண்டு மோட்டார எரிச்சாருன்னு சொல்லுங்க."

கடைக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். "அவர் உங்களுக்குப் பக்கத்திலதானே இருக்கிறார். நேர சொல்லுங்கோவன்."

இருவரும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கடற்கரை ஓரத்து மரநிழலில் மான்கள் நின்றன. கூண்டோ வேலியோ இல்லை. நம் ஊரில் ஆடு நிற்பது போல, ரோட்டோரத்தில் புள்ளி மான்கள் நின்று போவோர் வருவோர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோகிலவாணிக்கு உயிர் வந்தது. மான் அழகு என்பதால் அல்ல. மானுக்குக் காது இருக்கிறது, திருப்பிக் கேள்வி கேட்காது.

கல் திட்டில் உட்கார்ந்து, எதிரே நின்ற மானிடம் ஆரம்பித்தாள்.

"ஏ மானே, இந்த மனுசனுக்கு வெயிலு ஆவாது. தொப்பியக் கொண்டாரச் சொல்லிக் கப்பல்லயே தலையணை மேல எடுத்து வெச்சேன். அதை எடுத்துக்கிட்டு வந்தாரான்னு கேளு."

தமிழ்மணி திட்டின் மறுகோடியில் உட்கார்ந்து பையைப் பின்னால் வைத்தார். இன்னொரு மானைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

"மானு, இந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. நான் ஒரு வேலையச் செஞ்சாலும் தப்பு, செய்யாட்டியும் தப்பு."

"செய்யாத வேல ஒண்ணு இருக்குதே, அதை மொதல்ல கேளு மானே. நாலு வருசமாக் கேக்கறதுக்கு ஆளில்லாம கெடக்குது."

இப்படியே நல்ல காற்றில், நல்ல நிழலில், மான்கள் நடுவராக இருக்கப் பேச்சு களை கட்டியது. அப்போதுதான் மூன்றாவது மான் ஒன்று தமிழ்மணியின் முதுகுப் பக்கமாக வந்து பையை முகர்ந்ததைக் கோகிலவாணி பார்த்தாள். வெளிப்பக்கத்து உறையில் மூக்கை நுழைத்தது. காகிதத்தின் முனை வெளியே வந்தது.

அவளுக்குத் திக்கென்றது. 'ஏங்க' என்பது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நாலு வருஷ வைராக்கியம் ஒரு மானுக்காகப் போவதா என்று நாக்கு மடங்கிக்கொண்டது. ஒரு விநாடி யோசித்து, வழக்கமான வழியிலேயே போனாள்.

"ஏ மானே, பையில வாய வெக்காத. அது சீட்டு. திங்காத."

தமிழ்மணி திரும்பவில்லை. இதுவும் தன் தலையில் போடுகிற குட்டு என்றே நினைத்தார். நாலு வருஷமாகக் கன்றையும் டிவியையும் சொல்லி அவரைத் திட்டியவள், இன்றைக்கு மட்டும் நிஜமாகவே மானைத் திட்டுவாள் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்.

"மானு, அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீ தின்னு" என்றார்.

மான் தின்றது. கோகிலவாணி எழுந்து ஓடி வருவதற்குள் இரண்டு சீட்டும் படத்தோடு உள்ளே போய்விட்டன. முந்தானையை வீசி விரட்டினாள். அது இரண்டடி தள்ளி நின்று, மென்றுகொண்டே அவளைப் பார்த்தது. அதன் வாயோரத்தில் தமிழ்மணியின் மீசைப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையும் நாக்கால் நக்கி எடுத்துக்கொண்டது.

தமிழ்மணி பையின் உறையைத் திருப்பிப் பார்த்தார், மானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இருவரும் துறைமுகத்துக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். இந்த முறை யார் முன்னால் போவது என்ற போட்டி இல்லை.

வாசலில் ஒரு பெண் அதிகாரி நின்றார். தமிழ் பேசினார். பஸ்ஸில் போனவர்கள் முன்பே திரும்பிக் கப்பலேறிவிட்டதாகத் தெரிந்தது.

"உங்கட பாஸ் எங்க?"

"மான் தின்னுருச்சுங்க" என்றார் தமிழ்மணி.

அதிகாரி சிரிக்கவில்லை. "இவ ஆர்?"

"என் வூட்டுக்காரம்மாங்க."

அதிகாரி கோகிலவாணியிடம் திரும்பினார். "இவர் உங்களுக்கு ஆர்?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். நாலு வருஷமாக அந்த மனுஷனைக் குறிக்க ஒரே ஒரு சொல்தான் அவள் வாயில் பழகியிருந்தது. பதற்றத்தில் அதுவே வந்தது.

"தெரசாவோட முதலாளிங்க."

"தெரசா ஆர்?"

"எங்க கடையில பில் போடற பொண்ணு."

அதிகாரியின் முகம் மாறியது. ஒருவர் மனைவி என்கிறார், மற்றவள் யாரோ தெரசாவின் முதலாளி என்கிறாள். இருவரிடமும் சீட்டில்லை. கப்பலுக்குப் போன் செய்து கேட்டதில் தமிழ்மணி, கோகிலவாணி என்று இரண்டு பேர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெயரை யாரும் சொல்லலாம். கப்பலிலிருந்து ஆள் வந்து முகம் பார்த்துச் சொல்லட்டும் என்றால், அதற்குள் கிளம்புகிற நேரம் ஆகிவிடும்.

"நானும் வந்ததில இருந்து பாக்கிறன்" என்றார் அதிகாரி. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவும் இல்ல, கதைக்கவும் இல்ல. புருசன் பெஞ்சாதி இப்பிடியோ இருப்பினம்? உண்மையா நீங்க சோடியெண்டா ரெண்டு வார்த்தை கதையுங்கோ, பாப்பம்."

கப்பல் ஒரு முறை ஊதியது.

கோகிலவாணி சுற்றும் முற்றும் பார்த்தாள். மான் இல்லை, கலைவாணன் இல்லை, தலையாட்டுகிற பையன் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் எழுந்து நிழலைத் தேடிப் போய்விட்டது. தானே முதலில் பேசினால் நாலு வருஷமும் வீண். பேசாவிட்டால் இந்த ஊரிலேயே கிடக்க வேண்டியதுதான். கிடந்தால் கிடக்கிறேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கோகிலா" என்றார் தமிழ்மணி.

அவள் நிமிர்ந்தாள். அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அன்னிக்கி தொப்பூர்ல லாரி எதுவும் கவுறல."

"அது எனக்குத் தெரியும். சேலத்துல இருந்து அரூருக்கு வர்றவன் எதுக்குத் தொப்பூருக்குப் போறான்? பொய் சொல்றதுக்குக்கூட ஒரு ரூட்டு வேணாமா?"

"சேலம் பஸ் ஸ்டாண்டுலதான் ஒக்காந்திருந்தேன். பஸ்சு வந்துச்சு, ஏறல. அடுத்தது வந்துச்சு, அதுலயும் ஏறல."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன். சொல்லுங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்? ஊருல ஒருத்தன் உடாம எனக்கு ஓட்டுக் கேட்டேன், வூட்டுல கேக்கலன்னு கோவமா? குள்ளம்மா உங்களுக்கு மோர் குடுத்தாளா?"

"மோரெல்லாம் குடிக்கல."

"அப்பறம்?"

தமிழ்மணி பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ ஜெயிச்சிருவேன்னு தெரியும். ஜெயிச்சா ஊரு உன்னக் கூட்டிக்கிட்டுப் போயிரும். கூட்டம், ஆபீசுன்னு போயிருவ. கடைக்கி வர்றவனெல்லாம் அம்மா இல்லையான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறான். எந்த போருக்கு எந்த மோட்டார்னு எனக்கு என்ன தெரியும்? நீ பக்கத்துல இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது. பயமா இருந்துச்சு. அதைப் போயி உன்கிட்ட எப்பிடிச் சொல்லறது? வெக்கமா இருந்துச்சு."

எத்தனையோ காரணங்களை அவள் மனசில் வைத்து எடை போட்டிருந்தாள். குள்ளம்மாளின் சொந்தம், ஆம்பிளைத் திமிர், தன் மேல் வெறுப்பு. இது அந்தக் கூட்டத்திலேயே இல்லை. சந்தோஷப்படுவதா, செருப்பைக் கழற்றுவதா என்று ஒரு விநாடி தடுமாறினாள். பிறகு கோபம்தான் முந்திக்கொண்டது.

"மெம்பருன்னா என்னான்னு நெனச்சீங்க? மாசத்துக்கு ஒரு கூட்டம். ஒரு டீ, ஒரு கையெழுத்து, வூட்டுக்கு வந்துரலாம். அந்த ஒரு நாளு நான் இருக்க மாட்டேன்னு பயந்துக்கிட்டு, நாலு வருசம் என்னையே இல்லாம பண்ணிக்கிட்டீங்க. கேஸ் சிலிண்டர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்களே, அப்ப வெக்கமா இல்லையா?"

அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கும் கலங்கியது, கலங்கியதற்காக இன்னும் கோபம் வந்தது.

"சிலிண்டர்கிட்ட நீயுந்தான் பேசுன" என்றார் கடைசியில்.

"நான் டிவிகிட்ட பேசுனேன். சிலிண்டர் நீங்கதான்."

"ஸ்டவ்வுகிட்ட பேசுன. போன தீவாளிக்கி."

"அது உங்க அக்கா வந்திருந்தப்ப. அந்தப் பேச்ச எடுக்காதீங்க, உங்க அக்கா கதைய ஆரம்பிச்சா கப்பலு போயிரும்."

"எங்க அக்கா என்ன பண்ணுச்சு?"

"காணும், காணும்" என்று, போதும் என்பது போல, அதிகாரி இரண்டு கையையும் தூக்கினார். "கதையுங்கோ எண்டுதான் சொன்னனான், இவ்வளவு கதைக்கச் சொல்லேல்ல. முறையாக் கலியாணம் கட்டின ஆக்கள்தான் நீங்க. எனக்கு வேற அத்தாட்சி வேண்டாம். உள்ளுக்குப் போங்கோ."

கப்பல் இன்னொரு முறை ஊதியது. இருவரும் உள்ளே ஓடினார்கள். அக்கா விஷயம் கப்பல் படிக்கட்டு கண்ணில் படும் வரை ஓடிக்கொண்டே நடந்தது. மேல் தளத்தில் கலைவாணன் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் வாயும் ஒரே நேரத்தில் அசைவதைக் கண்டு, பயந்துபோய் அறைக்குள் போய்விட்டார்.

மூச்சு வாங்கியதில் பேச்சு நின்றது. கொஞ்ச தூரம் சும்மா நடந்தார்கள். பழைய பேசாமை திரும்பி வந்துவிடுமோ என்று கோகிலவாணிக்குப் பயம் வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி இந்த மனுஷனோடு பேச என்ன இருக்கிறது என்று தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

"வெதுப்பகம்னு போட்டிருந்தான் பாத்தியா" என்றார் தமிழ்மணி.

அவள் நின்றுவிட்டாள். நாலு வருஷமாகத் தன் மனசு எதற்காக ஏங்கிக் கிடந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மைக்காக மட்டும் இல்லை. இந்த மாதிரி ஒன்றுக்கும் உதவாத, பதிலே தேவைப்படாத ஒரு பேச்சுக்காக. முந்தானையால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தேன்" என்றாள். "நீங்க எழுத்துக் கூட்டிப் படிச்சதையும் பாத்தேன். ஏறுங்க, படி வழுக்குது."